தொட்டறியும் கூடம்

அருங்காட்சியகம் ஒன்றினுள் நுழைவோரை முதலில் வரவேற்பது பெரும்பாலும் ஓர் அறிவிப்புப் பலகையே. பொருள்களைத் தொடக்கூடாது என்று அது எச்சரிக்கும். கண்ணாடிப் பேழைக்கு அப்பால் அறிவு இருக்கும்; இப்பால் கைகளைக் கட்டிக்கொண்டு மக்கள் நிற்பர். 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் திறக்கப்பட்ட ஓர் அறிவியல் கூடத்தில் அத்தகைய பலகை இல்லை. அங்கிருந்த ஒவ்வொரு பொருளும் தொடுவதற்காகவும் திருகுவதற்காகவும் தள்ளிப் பார்ப்பதற்காகவுமே செய்யப்பட்டிருந்தது. எக்ஸ்ப்ளோரடோரியம் என்னும் அக்கூடத்தை உருவாக்கியவர் பிராங்க் ஓப்பன்ஹைமர். உலகின் முதல் அணுகுண்டு வெடித்ததை நேரில் கண்ட அறிவியலாளர்களுள் அவரும் ஒருவர். அந்தப் பாலைவனத்திலிருந்து இந்தக் கூடத்திற்கு அவர் வந்து சேர இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. இடையில் அவர் ஆராய்ச்சியை இழந்தார்; மாடு மேய்த்தார்; மலைச்சிற்றூர் ஒன்றின் பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரிந்தார்.

இளமை

1912ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் நியூயார்க் நகரில் பிராங்க் பிறந்தார். தந்தை ஜூலியஸ், ஜெர்மனியிலிருந்து குடியேறித் துணி வணிகத்தில் செல்வம் ஈட்டியவர். தாய் எல்லா, ஓவியர். எட்டு ஆண்டுகள் மூத்தவரான அண்ணன் ராபர்ட், பிற்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தின் தலைமை அறிவியலாளராக உலகப்புகழ் பெற்றவர். அத்தகைய அண்ணனுக்குத் தம்பியாக வளர்வது எளிதன்று. பிராங்கின் வாழ்க்கையை எழுதியோர் பலரும் அண்ணனின் நிழலிலிருந்தே தொடங்குகின்றனர். ஆயினும் இருவரின் இயல்பும் வேறு. ராபர்ட் கோட்பாட்டு இயற்பியலில் தோய்ந்தவர். பிராங்கின் மனமோ கருவிகளிலும் கைவேலையிலும் ஈடுபட்டது. குழலிசையிலும் அவர் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இங்கிலாந்தின் கேவண்டிஷ் ஆய்வகத்திலும் இத்தாலியிலும் பயின்ற பின் அவர் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். 1939இல் முனைவர் பட்டம் பெற்றார். இதற்கிடையே 1936இல், பெர்க்லியில் பொருளியல் பயின்ற ஜாக்கியை மணந்தார்.

அவர்கள் வாழ்ந்த பாசடேனா நகரில் பொது நீச்சல் குளம் ஒன்று இருந்தது. கறுப்பின மக்கள் அதில் புதன்கிழமை மட்டுமே குளிக்கலாம். மறுநாள் காலை குளத்து நீர் முழுவதும் வெளியேற்றப்படும். அதன் பின்னரே வெள்ளையர் அதில் இறங்குவர். இவ்விழிவை ஒழிக்க முயன்றோருள் பிராங்கும் ஜாக்கியும் இருந்தனர். பொருளாதாரப் பெருமந்தமும் வேலையின்மையும் நாட்டை வாட்டிய காலம் அது. இத்தகைய அநீதிகளை எதிர்க்கும் அமைப்பு எனக் கருதி 1937இல் இருவரும் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தனர். சில ஆண்டுகளில் விலகினர். அந்தச் சில ஆண்டுகள் அவர்தம் வாழ்க்கை முழுவதையும் பின்தொடர்ந்தன.

பாலைவனத்தில் ஒரு விடியல்

இரண்டாம் உலகப்போரின்போது பிராங்க், பெர்க்லியில் எர்னெஸ்ட் லாரன்சின் ஆய்வகத்தில் பணியாற்றினார். இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில், அணுக்கருப் பிளவுக்கு உகந்த யுரேனியம் 235 நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே உள்ளது. காந்தப்புலத்தில் செலுத்தினால் எடை குறைந்த அயனிகள் சற்றே மிகுதியாக வளையும். அந்தச் சிறு வேறுபாட்டைக் கொண்டு அவற்றைப் பிரித்தெடுக்கும் முறையை உருவாக்கியவர்களுள் அவர் ஒருவர். போரின் இறுதிக் கட்டத்தில் லாஸ் அலமோசில் அண்ணனோடு இணைந்தார்.

1945 ஜூலை 16ஆம் நாள் வைகறையில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டுச் சோதனை நிகழ்ந்தது. வெடிமையத்திலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்த காப்பரணின் அருகே அண்ணனும் தம்பியும் தரையில் குப்புறப் படுத்திருந்தனர். மூடிய இமைகளையும் ஊடுருவி ஒளி வந்தது. அடுத்து வெப்பம், அதன்பின் மலைகளில் மோதித் திரும்பத் திரும்ப எதிரொலித்த இடிமுழக்கம். மூன்று வாரங்களில் ஹிரோஷிமா அழிந்தது.

போருக்குப்பின் பிராங்க், அணு ஆற்றலைப் பற்றிப் பொதுமக்களிடம் விளக்கிப் பேசிய அறிவியலாளர்களோடு சேர்ந்துகொண்டார். தம்மைச் சுற்றியுள்ள உலகைப் புரிந்துகொள்ள இயலாது என மக்கள் முடிவுகட்டிவிட்டால், தங்கள் வாழ்வைத் தீர்மானிக்கும் உரிமையையும் அவர்கள் பிறரிடம் ஒப்படைத்துவிடுவர் என்பது அவரது ஆழ்ந்த அச்சம்.

இழப்பு

1947இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பேராசிரியர் பணி கிடைத்தது. உயரப் பறக்கும் பலூன்களில் கருவிகளை அனுப்பி, விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை அவரும் உடன்பணியாற்றியோரும் ஆராய்ந்தனர். அக்கதிர்களில் புரோட்டான்கள் மட்டுமன்றி, எடை மிகுந்த தனிமங்களின் அணுக்கருக்களும் உள்ளன என்பது 1948இல் அவ்வாய்வுகளால் வெளிப்பட்டது. இயற்பியலாளராக அவர் எட்டிய உச்சம் அதுவே.

அவ்வேளையில் அமெரிக்காவெங்கும் பொதுவுடைமை அச்சம் பரவிற்று. பிராங்க் முன்னர்க் கட்சி உறுப்பினராக இருந்தவர் என 1947இல் ஒரு நாளிதழ் செய்தி வெளியிட்டது. அவர் அதை மறுத்தார். அம்மறுப்பு உண்மையன்று. பல்கலைக்கழகத்திடமும் அவ்வாறே மறுத்திருந்தார். 1949 ஜூன் மாதம் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் விசாரணைக் குழு அவரை அழைத்தது. உறுதிமொழி ஏற்று நின்ற அவர், தாமும் மனைவியும் கட்சியில் இருந்ததை ஒப்புக்கொண்டார். உடனிருந்த பிறரின் பெயர்களைக் கூறுமாறு கேட்டபோது மறுத்துவிட்டார். பெயர்களைச் சொல்லித் தப்பியவர்கள் அக்காலத்தில் பலர். தாம் கூறிய பொய்க்கு அவர் தாமே விலை கொடுத்தார். பிறரைக் காட்டிக் கொடுத்து அதைக் குறைத்துக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகம் அவரது பதவி விலகலை உடனே ஏற்றுக்கொண்டது. அதன்பின் நாட்டின் எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு வேலை தரவில்லை. வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டும் மறுக்கப்பட்டது.

தந்தை வழியே வந்த வான்கோ ஓவியம் ஒன்றை விற்று, கொலராடோ மாநிலத்தின் பகோசா ஸ்பிரிங்ஸ் அருகே ஏறத்தாழ 1500 ஏக்கர் மேய்ச்சல் நிலம் வாங்கினார் பிராங்க். மாடு வளர்ப்பில் அவருக்கோ ஜாக்கிக்கோ முன்னனுபவம் கிடையாது. பனி உறையும் மலைநிலத்தில் வேலியடைக்கவும் கன்று ஈனும் பசுவுக்குத் துணை நிற்கவும் பழுதுபட்ட இயந்திரங்களைத் தாமே சீர்செய்யவும் கற்றுக்கொண்டனர். ஏறத்தாழப் பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன. அண்டை உழவர்கள் காலப்போக்கில் அவரைத் தம்முள் ஒருவராகவே ஏற்றுக்கொண்டனர்.

மலைச்சிற்றூரின் ஆசிரியர்

1957இல் பகோசா ஸ்பிரிங்ஸ் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. பள்ளியில் முந்நூறுக்கும் குறைவான மாணவர்களே இருந்தனர். இயற்பியல், வேதியியல், உயிரியல், பொது அறிவியல் அனைத்தையும் அவர் ஒருவரே கற்பித்தார். அணுக்கரு ஆய்வகங்களில் பணியாற்றிய அவர், இங்கே ஊர்க் குப்பைமேட்டை ஆய்வகமாக்கினார். மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, கைவிடப்பட்ட வண்டிகளின் உறுப்புகளைக் கழற்றி எடுத்துவரச் செய்தார். அவற்றைக் கொண்டே நெம்புகோலும் வெப்பமும் மின்னோட்டமும் கற்பிக்கப்பட்டன. அம்மாணவர்கள் மாநில அறிவியல் கண்காட்சியில் பரிசுகள் வென்றபோது, அச்சிற்றூரை அறியாதோர் வியந்தனர்.

1959இல் கொலராடோ பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அங்கே கற்பித்தலுக்கென ஒரு புதிய ஆய்வகத்தை அமைத்தார். வழக்கமான ஆய்வகத்தில் மணி அடித்ததும் மாணவர் அனைவரும் ஒரே சோதனையைச் செய்து, முன்பே தெரிந்த விடையைக் குறிப்பேட்டில் எழுதுவர். பிராங்கின் ஆய்வகத்தில் பல பத்துச் சோதனைகள் எந்நேரமும் ஆயத்தமாக இருந்தன. நூலகத்தில் நூலைத் தேர்ந்தெடுப்பதுபோல் மாணவர் தமக்கு விருப்பமானதைத் தேர்ந்து, வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு செய்து பார்க்கலாம். சோதனைகளின் நூலகம் என்றே அதற்குப் பெயர். எக்ஸ்ப்ளோரடோரியத்தின் வித்து அதுதான்.

ஐரோப்பாவில் கண்டவை

1965இல் ஆராய்ச்சி நல்கை பெற்று லண்டன் சென்ற பிராங்க், அங்குள்ள அறிவியல் அருங்காட்சியகத்தையும் மியூனிக்கின் ஜெர்மன் அருங்காட்சியகத்தையும் பாரிசின் கண்டுபிடிப்பு மாளிகையையும் கண்டார். மியூனிக்கில் பொத்தானை அழுத்தினால் இயங்கும் பொறிகள் இருந்தன. பாரிசில் இளம் மாணவர்கள் பார்வையாளர்முன் சோதனைகளைச் செய்துகாட்டினர். பொத்தானை அழுத்துவதில் அவருக்கு முழு நிறைவில்லை. அழுத்தியபின் பொறி தன் வேலையைச் செய்கிறது. மனிதர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மனிதர் ஒன்றைச் செய்ய, அதற்கேற்ப இயற்கை மறுமொழி தர, அம்மறுமொழியைக் கண்டு மனிதர் மேலும் ஒன்றைச் செய்யவேண்டும் என அவர் எண்ணினார்.

நாடு திரும்பியதும் அத்தகைய கூடத்திற்கான திட்டத்தை வகுத்தார். சான் பிரான்சிஸ்கோவில் 1915ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்டு, பின்னர்ப் புதுப்பிக்கப்பட்ட நுண்கலை மாளிகை வெறுமையாக இருந்தது. நீண்டு வளைந்த, இருண்ட, குளிர்ந்த அக்கட்டடத்தை வேறு பலர் பயனற்றதெனக் கருதியிருக்கக்கூடும். பிராங்கும் ஜாக்கியும் அறக்கொடையாளர்களையும் நகர அலுவலர்களையும் ஆசிரியர்களையும் ஒருவர்பின் ஒருவராகச் சந்தித்து ஆதரவு திரட்டினர். 1969இல் ஆரவாரமின்றிக் கதவுகள் திறந்தன. உள்ளே காட்சிப்பொருள்கள் மிகச் சிலவே இருந்தன. எஞ்சியவை மக்களின் கண்முன்னே செய்யப்பட்டன. தச்சுப் பட்டறையும் உலோகப் பட்டறையும் நுழைவாயிலுக்கு அருகிலேயே திறந்த வெளியில் அமைந்திருந்தன. பற்றவைக்கும் பொறி பறக்க, அறுக்கும் ஓசை கேட்க, பார்வையாளர்கள் முதலில் கண்டது அறிவியல் உருவாகும் இடத்தைத்தான்.

கூடத்தினுள்

எடை மிகுந்த ஓர் இரும்பு ஊசல் தொங்குகிறது. அதனை இழுக்க ஒரு கயிற்றின் நுனியில் கட்டிய சிறு காந்தம் மட்டுமே உண்டு. வலுவாக இழுத்தால் காந்தம் பிடிவிட்டுத் தெறித்துவிடும். வலிமை மிக்கவர் தோற்று நிற்க, அருகில் நிற்கும் சிறுமி ஊசலின் இயல்பான அசைவுக்கு இசைந்து மெல்ல மெல்ல இழுத்து அதைப் பெரிதாக ஆடச் செய்துவிடலாம். ஒத்ததிர்வு என்னும் சொல்லை அவள் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. அவள் கை அதை அறிந்துகொண்டது.

மற்றோர் இடத்தில், பாதி ஒளியைக் கடத்திப் பாதியை எதிரொளிக்கும் கண்ணாடியின் இருபுறமும் இருவர் அமர்கின்றனர். விளக்கின் ஒளியைக் கூட்டியும் குறைத்தும் வரும்போது ஒருவர் முகம் மற்றவர் முகத்தோடு கலந்துவிடுகிறது. எவருடைய கண், எவருடைய மூக்கு எனத் தெரியாமல் முன்பின் அறியாத இருவர் சேர்ந்து சிரிக்கின்றனர். இதைத் தனியே செய்ய இயலாது. எதிரே ஒருவர் வேண்டும். பாப் மில்லர் என்னும் கலைஞர் அமைத்த கதிரவன் ஓவியத்தில், கூரையிலிருந்து கண்ணாடிகள் வழியே இறங்கும் ஒளிக்கற்றை முப்பட்டகங்களில் பிரிந்து வண்ணங்களாகத் திரையில் பரவும். அதன் குறுக்கே நடப்போரின் நிழலும் அவ்வோவியத்தின் பகுதியாகிவிடும். நிறப்பிரிகையைக் கற்பிப்பதற்கு முன் அதன் அழகைக் காட்டவேண்டும் என்பதில் பிராங்க் உறுதியாக இருந்தார். கலைஞரும் அறிவியலாளரும் ஒரே வேலையை இருவேறு கருவிகளால் செய்கின்றனர் என்பது அவர் கொள்கை. 1974 முதல் கலைஞர்கள் அங்கே தங்கிப் படைக்கவும் வழிவகுத்தார்.

1971இல் ஆகஸ்ட் கொப்போலா வடிவமைத்த தொடு குவிமாடம் அங்கே அமைந்தது. முற்றிலும் இருள் சூழ்ந்த அதன் வளைவழிகளில் தவழ்ந்தும் ஏறியும் சறுக்கியும் செல்லவேண்டும். கைகளும் கால்களுமே வழிகாட்டி. பார்வையுடையோர் தம் கண்களை எத்துணை நம்பி வாழ்கின்றனர் என்பதை உணர இதைவிடச் சிறந்த பாடம் அரிது.

ஒவ்வொரு பொருளின் அருகிலும் எளிய குறிப்பு ஒன்று இருக்கும்: என்ன செய்யலாம், எதைக் கவனிக்கலாம் என்பதே அதில் முதன்மை. விளக்கம் அதன்பின்னரே வரும். குறிப்புகளையும் வரைகலைப் பணிகளையும் ஜாக்கி கண்காணித்தார். கூடத்தின் தோற்றத்தில் அவருக்குரிய பங்கு போதிய அளவு பேசப்படவில்லை.

விளக்குநர்கள்

பிராங்க் செய்தவற்றுள் தனிச்சிறப்புடையது விளக்குநர் திட்டம். பார்வையாளர்க்குத் துணைநிற்கக் கற்றறிந்த வழிகாட்டிகளை அவர் அமர்த்தவில்லை. நகரின் பல பகுதிகளிலிருந்து, பல இனங்களையும் பொருளாதார நிலைகளையும் சார்ந்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஊதியம் கொடுத்து அமர்த்தினார். மதிப்பெண் தேர்வுக்கு அளவுகோலாகக் கொள்ளப்படவில்லை. வகுப்பில் கடைசி இருக்கையில் இருந்த மாணவரும் இங்கே மாட்டுக் கண்ணொன்றை அறுத்து, அதன் வில்லையை வெளியே எடுத்து, அதன் வழியே எழுத்துகளைப் பார்க்குமாறு முதியவர் ஒருவருக்குக் கற்பிக்கலாம். விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்லவும், வந்தவரோடு சேர்ந்து தேடவும் அவர்கள் பயிற்றப்பட்டனர். அனைத்தும் அறிந்த நிபுணரின் முன் வாய்திறக்க அஞ்சும் ஒருவர், பதினாறு வயதினரிடம் தயக்கமின்றிக் கேட்டுவிடுவார். பார்வையாளரைவிட விளக்குநர்களே மிகுதியாகக் கற்றனர் என்று கூறினும் தவறாகாது.

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தோல்வி உண்டு. அருங்காட்சியகத்தில் எவரும் தோற்பதில்லை என்பதை அவர் பெரிதும் போற்றினார். ஒரு பொருளின் முன் ஒருவர் ஒரு நொடி நிற்கலாம். ஒரு மணி நேரமும் நிற்கலாம். வரிசைப்படி பார்க்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முதல் பத்தாண்டில் நுழைவுக் கட்டணமும் இல்லை. உழைப்பாளரும் பேராசிரியரும் கைக்குழந்தையோடு வரும் தாயும் ஒரே கயிற்றை இழுத்துப் பார்த்தனர். பொருள்கள் அடிக்கடி பழுதுபட்டதும் உண்மை. தொடும் கைகள் உடைக்கவும் செய்யும். உடைந்தது பட்டறைக்குச் செல்லும். எவ்வாறு உடைந்தது என்பதிலிருந்து இன்னும் உறுதியான வடிவம் பிறக்கும். இச்செலவை ஈடுகட்ட அவர் நிதிக்காக அலைந்த அலைச்சல் கடைசிவரை ஓயவில்லை.

தாம் உருவாக்கியவற்றுக்குக் காப்புரிமை கோரிப் பூட்டி வைக்கவில்லை. காட்சிப்பொருள்களைச் செய்யும் முறைகளைச் சமையல் குறிப்புகளைப்போல விளக்கி 1975 முதல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். எந்த நாட்டவரும் எந்த ஊராரும் அவற்றைப் பார்த்துச் செய்துகொள்ளலாம். பல நாடுகளில் புதிதாக எழுந்த அறிவியல் மையங்கள் அவ்வாறே செய்தன.

இறுதி நாள்கள்

1980இல் ஜாக்கி காலமானார். நாற்பத்து நான்கு ஆண்டுத் துணையை இழந்த பின்னும் பிராங்க் கூடத்திற்கு வருவதை நிறுத்தவில்லை. 1985 பிப்ரவரி 3ஆம் நாள் சாசலிட்டோவில் இயற்கை எய்தும்வரை அதன் இயக்குநராகவே இருந்தார். 2013இல் எக்ஸ்ப்ளோரடோரியம் நுண்கலை மாளிகையை விட்டுக் கடலோரத் துறைமேடை ஒன்றிற்கு இடம்பெயர்ந்தது. பள்ளி மாணவர்கள் இன்றும் அங்கே விளக்குநர்களாகப் பணிபுரிகின்றனர்.

அவர் நிதி திரட்டித் தொடங்கிவைக்க விரும்பிய பணி ஒன்று, அவர் மறைந்த மறு ஆண்டில் நிறைவுற்றது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவினுள் நீளும் கல்லணையின் நுனியில் அமைந்த அலைக்குழல் அது. பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றிலிருந்து பெயர்த்த செதுக்குக் கற்களுக்கிடையே இருபத்தைந்து குழாய்கள் நீருக்குள் இறங்கியிருக்கின்றன. கடல் ஏறி இறங்கும்போது குழாய்களினுள் காற்று அழுந்தித் தாழ்ந்த ஒலி எழுகிறது. கடல் பொங்கும் வேளையில் ஒலி நன்கு கேட்கும். வந்தவர்கள் கற்படிகளில் அமர்ந்து குழாய்வாயில் காதை வைத்துக் காத்திருக்கின்றனர்.